கணக்கு சென்னையில், கவுன்டர் தேனியில்

கம்பத்துக்கு ரயில் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக மனுவாகவே இருக்கிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்க்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் தேனிக்கோ போடிக்கோ மதுரைக்கோ வந்தாக வேண்டும். போடிக்கு 1928-இல் வந்த மீட்டர்கேஜ் பாதையும் 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். இடைப்பட்ட பதினோரு பன்னிரண்டு ஆண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் சத்தமே இல்லை.

ஆனால் அந்த ஆண்டுகளிலும் இங்கிருந்து ஜனங்கள் ரயிலில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மதுரையில் ஏறி சென்னைக்கோ டெல்லிக்கோ போக, கம்பத்தில் உட்கார்ந்தபடியே கீழ்ப்படுக்கை கேட்டு வாங்கினார்கள். தண்டவாளம் வராத ஊருக்கும் ரயிலின் இருக்கைக் கணக்கு வந்து சேர்ந்திருந்தது. ஓரிடத்தில் இருக்கும் பெரிய கணினியை ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் எப்படிக் கையாள முடிகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதலில், கணக்கு ஏன் ஓரிடத்தில் இருக்க வேண்டும்? கணினிக்கு முன்னால் இருக்கைகள் பேரேட்டில் இருந்தன. நிலையத்துக்கு இத்தனை என்று ஒதுக்கீடு. ஒரு நிலையத்தின் ஒதுக்கீட்டில் பத்து இடம் காலியாகக் கிடந்தாலும் அடுத்த நிலையத்துக்கு அது தெரியாது. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால் தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும். காலி இடம் இருந்தும் வண்டி நிரம்பாமல் போகும், இடம் கேட்டவர் நின்றுகொண்டே பயணம் செய்வார். இதைத் தீர்க்க, ஒரு வண்டியின் எல்லா இருக்கைகளும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பேரேட்டை எல்லா ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் திறந்து எழுத முடிய வேண்டும். இரண்டு ஊர்க்காரர் ஒரே இருக்கைமீது ஒரே நொடியில் கைவைத்தால் ஒருவருக்கு மட்டுமே அது போக வேண்டும்.

டெல்லியில் 1985-இல் 'இம்ப்ரெஸ்' என்ற பெயரில் இதற்கான முன்னோட்டம் தொடங்கியது. மென்பொருளை எழுதியது அரசு நிறுவனமான சி.எம்.சி., ஓடிய கணினி டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ். பிறகு ரயில்வேயின் சொந்த அமைப்பான 'கிரிஸ்' எழுதிய 'கான்சர்ட்' 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் இயங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. ஒரு வண்டியின் இருக்கைக் கணக்கு எந்த மையத்தில் இருக்கிறதோ, கேள்வி எந்த ஊரிலிருந்து வந்தாலும் அந்த மையத்துக்கே திருப்பி விடப்படும். இந்தத் திருப்பும் வேலைக்கென்றே நடுவில் தனியாக ஒரு மென்பொருள் இருக்கிறது. தேனிக் கவுன்டரில் ஹவுரா வண்டிக்கு இடம் கேட்பவரின் கேள்வி சென்னை வழியாக எங்கே போய்விட்டு வருகிறது என்று அவருக்கும் தெரியாது, கவுன்டர் ஊழியருக்கும் தெரியத் தேவையில்லை. இந்திய மென்பொருள் வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க வேலைகள் மிகக் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

கறாராகப் பார்த்தால் வாக்ஸ், மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணினி வகை அல்ல, அதற்கு ஒரு படி கீழே. அமெரிக்க வங்கிகளும் விமான நிறுவனங்களும் வைத்திருந்தவை ஐ.பி.எம்.மின் அசல் மெயின்ஃப்ரேம்கள். நம் நாட்டிலும் அவை இருந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370 நிறுவப்பட்டபோது அது பெரிய செய்தி. ஆனால் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனையை ஏற்காமல் ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி.யிடம் வந்தது. இதனால் நாம் தொலைவிலிருந்து கணினியைத் தொடக் கற்றுக்கொண்ட வழியும், அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கற்றுக்கொண்ட வழியும் வேறு வேறாகிவிட்டன. அந்த இரண்டு வழிகளையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கவுன்டரில் இருந்த டெர்மினல் ஒரு கணினி அல்ல. திரை, விசைப்பலகை, கம்பி, அவ்வளவுதான். நினைவும் கணக்கும் மறுமுனையில். வாக்ஸ் கணினிகளோடு சேர்ந்த விடி வகை டெர்மினலில் நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்து உங்கள் திரைக்கு நேராகப் போகாது. கம்பி வழியே கணினிக்குப் போகும். கணினி அதைப் பார்த்து, "சரி, இதைக் காட்டு" என்று திருப்பி அனுப்பும். அப்போதுதான் திரையில் எழுத்து தோன்றும். இதற்கு எதிரொலி என்று பெயர். நீங்கள் பார்ப்பது நீங்கள் தட்டியதை அல்ல, கணினி வாங்கிக்கொண்டதை. கடவுச்சொல் தட்டும்போது கணினி எதிரொலிக்காமல் இருந்துவிட்டால் போதும், திரை வெறுமையாக நிற்கும். எழுத்துக்கு எழுத்து கணினியின் பார்வையில் இருப்பதால் பாதியில் திருத்தலாம், உடனே எச்சரிக்கலாம். பக்கத்து அறையில் கணினி இருந்தால் இதைவிட இனிமையான ஏற்பாடு இல்லை.

தூரம் கூடும்போதுதான் இதன் விலை தெரியும். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரே நடையில் எல்லாம் வந்துவிடும். உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை, மண்ணெண்ணெய்க்கு ஒரு தடவை என்று மலையிறங்கி ஏறினால், சாமான் விலையைவிட ஜீப்பின் டீசல் செலவு பெரிதாகிவிடும்.

ஐ.பி.எம். 1971-இல் கொண்டுவந்த 3270 வகை டெர்மினல் சீட்டு எழுதும் முறையைத்தான் கையாண்டது. மெயின்ஃப்ரேம் ஒரு முழுப் படிவத்தை அனுப்பும். 24 வரிசை, வரிசைக்கு 80 எழுத்து, ஆக 1,920 இடங்கள். எந்த இடத்தில் எழுதலாம், எந்த இடம் பூட்டப்பட்டது, எங்கே எண் மட்டும் வரலாம் என்பதெல்லாம் படிவத்தோடே வரும். அதன்பிறகு நீங்கள் தட்டுவது, அழிப்பது, அடுத்த கட்டத்துக்குத் தாவுவது எல்லாம் உங்கள் முனையிலேயே நடக்கும். மெயின்ஃப்ரேமுக்கு ஒரு எழுத்தும் போகாது. 'என்டர்' தட்டினால்தான் போகும். அப்போதும் முழுத் திரை போகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சின்ன அடையாளம் உண்டு, நீங்கள் கைவைத்த கட்டத்தில் மட்டும் அது நிமிர்ந்து நிற்கும். அடையாளம் நிமிர்ந்த கட்டங்கள் மட்டும் பயணப்படும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இணையத்தின் அடிப்படை நெறிமுறையில் எதை அனுப்பினாலும் அதன்மேல் 40 பைட் முகவரிச் சுமை ஏறும். எழுத்துக்கு எழுத்து அனுப்பினால், ஒரு பைட் எழுத்துக்கு 41 பைட் பயணம். போர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் 1984-இல் இந்த வீணடிப்பைத்தான் சுட்டிக்காட்டி, சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்பும் உத்தியைச் சொன்னார். ஆறு கட்டங்களில் மொத்தம் 60 எழுத்து நிரப்பும் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்துமுறையில் போவது 2,460 பைட், எதிரொலியாக வருவது இன்னொரு 2,460. ஆக 4,920. படிவ முறையில் 60 எழுத்து, ஒவ்வொரு கட்டமும் திரையில் எங்கே என்று சொல்ல மும்மூன்று பைட், எந்த விசை தட்டப்பட்டது, கர்சர் எங்கே என்பதற்கு மூன்று, முடிவுக்குறிக்கு இரண்டு, மேல்சுமை 40. கூட்டினால் 123. நாற்பதில் ஒரு பங்கு. அந்தக் காலத்து வாடகைக் கம்பியில், ஒரே இணைப்பைப் பல டெர்மினல்கள் மல்டிபிளெக்சர் வழியாகப் பங்குபோட்டுக்கொண்ட இடங்களில், இந்த நாற்பது மடங்கு என்பது வரிசை நகர்வதற்கும் நகராமல் நிற்பதற்கும் உள்ள இடைவெளி.

தூரத்தின் காலக்கணக்கு வேறு. சென்னைக்கும் போடிக்கும் நடுவே கண்ணாடி இழை இருந்தால், ஒளி அதற்குள் நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஐந்நூறு கிலோமீட்டர் போய்வர ஐந்து மில்லிநொடி. கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் வழியென்றால் 35,786 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்க வேண்டும். போக கால் நொடி, வர கால் நொடி. எதிரொலி முறையில் நீங்கள் தட்டிய எழுத்து அரை நொடி கழித்துத் திரையில் விழும். நொடிக்கு ஐந்து எழுத்து தட்டுகிறவருக்குத் திரை எப்போதும் இரண்டு மூன்று எழுத்து பின்தங்கியே இருக்கும். படிவ முறையில் அந்த அரை நொடி 'என்டர்' தட்டிய பிறகு ஒரு தடவைதான்.

இந்த இடத்தில் டெல்நெட் வருகிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969-இல் தொடங்கியபோதே, தூரத்துக் கணினியில் உள்ளே நுழைவதுதான் முதல் தேவைகளில் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கார் எழுதிய, ஆர்பாநெட் குறிப்பாணை வரிசையில் பதினைந்தாவதிலேயே டெல்நெட் என்ற பெயர் இருக்கிறது. பிரச்சினை இதுதான்: உலகத்தில் நூறு வகை டெர்மினல், நூறு வகைக் கணினி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றையும் கற்றுக்கொடுத்தால் பத்தாயிரம் மொழிபெயர்ப்பு வேண்டும். அதனால் எங்குமே இல்லாத ஒரு கற்பனை டெர்மினலை வரையறுத்தார்கள். எல்லாரும் அந்தக் கற்பனை டெர்மினல்போல நடந்துகொள்ளக் கற்றால் போதும், இருநூறு மொழிபெயர்ப்பில் வேலை முடிந்தது. ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1983-இல் எழுதிய வடிவமே இன்றுவரை நிற்கிறது.

கற்பனை டெர்மினல் மிக எளிமையானது, ஏழ்மையானது என்றுகூடச் சொல்லலாம். அதைவிட அதிகம் தெரிந்த இரண்டு பேர் சந்தித்தால்? அதற்காகப் பேரம் பேசும் முறையையும் உள்ளே வைத்தார்கள். 255 என்ற எண் வந்தால், "அடுத்து வருவது எழுத்தல்ல, பேச்சுவார்த்தை" என்று பொருள். 253 என்றால் "நீ இதைச் செய்", 251 என்றால் "நான் செய்கிறேன்", 254, 252 இரண்டும் அவற்றின் மறுப்பு. ஒருவர் மறுத்தாலும் இணைப்பு அறுந்துபோகாது. இருவரும் கற்பனை டெர்மினலின் எளிமைக்குத் திரும்பிக்கொள்வார்கள். இருவருக்கும் பொதுவான ஒரு அடிமட்டத்தை முதலிலேயே உறுதிசெய்துவிட்டு, அதன்மேல் இஷ்டப்பட்டதைக் கட்டிக்கொள்ள விட்ட இந்த ஏற்பாடு எனக்கு இன்னமும் வியப்புதான்.

ஐ.பி.எம். இதற்குள் தன் பாதையில் வெகுதூரம் போயிருந்தது. 1974-இல் எஸ்.என்.ஏ. என்ற தன் சொந்த வலையமைப்பை அறிவித்தது. உச்சியில் மெயின்ஃப்ரேம், அதன்கீழ் தொடர்புகளைக் கவனிக்கும் துணைக்கணினி, அதன்கீழ் டெர்மினல் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அடியில் டெர்மினல். மேலிருந்து அழைப்பு வந்தால்தான் கீழே உள்ளவர் பேசலாம். வங்கிகளுக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. இணையம் பரவியபோது இந்த இரண்டு உலகத்தையும் இணைக்க வேண்டி வந்தது.

இணைத்தது டிஎன் 3270. டெல்நெட்டின் பேரத்துக்குள்ளேயே 3270-இன் படிவ முறையை உட்காரவைக்கும் ஏற்பாடு அது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரெக் மின்ஷால் எழுதிய நிரல் அந்தப் பெயரிலேயே புழங்கியது. பேரம் மூன்றே விஷயத்தில். முதலில் மெயின்ஃப்ரேம் பக்கம் கேட்கும்: 255, 253, 24. "நீ எந்த வகை டெர்மினல் என்று சொல்கிறாயா?" இந்தப் பக்கம்: 255, 251, 24. "சொல்கிறேன்." பிறகு "நான் 3278" என்று 3270 வகையின் ஒரு மாதிரியைச் சொல்லி அறிமுகம். அடுத்து 25-ஆம் எண்: ஒரு படிவம் எங்கே முடிகிறது என்று குறியிட்டுச் சொல்ல இருவரும் சம்மதம். மூன்றாவது, 0: எட்டு பிட்டையும் தொடாமல் அப்படியே கடத்து.

மூன்றாவது ஒப்பந்தம் ஏன் என்பதை ஊர்ப்பெயரை வைத்தே பார்க்கலாம். ரயில்வேயில் தேனியின் குறியீடு டி, இ, என், ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்து. உலகத்தின் பெரும்பாலான கணினிகள் பேசும் ஆஸ்கியில் இது 84, 69, 78, 73. ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமின் எப்சிடிக்கில் இதே தேனி 227, 197, 213, 201. துளை அட்டைக் காலத்திலிருந்து வந்த வரிசை அது, ஐ எழுத்துக்கும் அடுத்த ஜே எழுத்துக்கும் நடுவே ஏழு எண் இடைவெளி விட்டுப் போகும். ஆஸ்கி ஏழு பிட்டுக்குள் அடங்கும், எப்சிடிக்கின் நான்கு எண்ணும் 127-ஐத் தாண்டும். பாதையில் யாராவது எட்டாவது பிட்டை உதறிவிட்டால் தேனி 99, 69, 85, 73 ஆகி வேறு ஏதோ ஊராகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. படிவத்துக்குள்ளேயே 255 என்ற மதிப்பு வந்தால்? எதிர்முனை அதைப் பேச்சுவார்த்தை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் உண்மையான 255-ஐ இரண்டு தடவை அனுப்புவார்கள், வாங்குகிறவர் ஒன்றை எடுத்துப்போட்டுவிடுவார். படிவம் முடிந்தால் 255, 239.

அச்சு இயந்திரத்துக்கு என்ன செய்வது, ஒவ்வொரு டெர்மினலுக்கும் நிலையான பெயர் வைப்பது எப்படி, படிவம் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது உண்டா என்ற கேள்விகளுக்கு முதல் வடிவத்தில் பதில் இல்லை. 1994-இல் வந்த விரிவான வடிவம் அவற்றைச் சேர்த்தது. வங்கிக் கிளையில் எந்த மேசையிலிருந்து பணம் எடுக்கப்பட்டது என்பதற்குப் பெயர் வேண்டுமல்லவா?

நாம் ஐ.பி.எம்.மை அனுப்பிவைத்த இருபதாண்டுக்குள் 3270 திரை தமிழ்நாட்டுக்கு வேறு வாசல் வழியாகத் திரும்பியது. 1991-இல் ஏற்பட்ட மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் செயற்கைக்கோள் வழியாக நொடிக்கு 64 கிலோபிட் இணைப்புகளை நிறுவனங்களுக்குக் கொடுத்தன. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக அமெரிக்க வங்கிகளின் பழைய கோபோல் மொழி நிரல்களைத் திருத்தும் வேலை சென்னைக்கு வந்தது. தேனி, பெரியகுளம், போடியிலிருந்து படித்துப் போன எத்தனையோ பிள்ளைகள் அந்த வேலையில் சேர்ந்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அடியில் செயல்விசைகளின் வரிசை. கைக்குக் கீழே இருந்தது சாதாரண மேசைக்கணினி, அதற்குள் 3278-ஆக நடிக்கும் ஒரு மென்பொருள். ஆண்டுக்கணக்காகப் பராமரித்த மெயின்ஃப்ரேமைக் கண்ணால் பார்க்காமலே வேலையை முடித்தவர்கள் பலர். இந்தியாவிலிருந்து இந்த வேலையைச் செய்ய முடிந்ததற்குச் சம்பள வித்தியாசத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். படிவ முறையின் சிக்கனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. எதிரொலி முறையென்றால் அந்த 64 கிலோபிட்டில் ஒரு மாடி நிறைய ஆட்கள் நிம்மதியாக நிரல் எழுதியிருக்க முடியாது.

டெல்நெட்டின் பெரிய குறை அதன் வெள்ளந்தித்தனம். கடவுச்சொல் உட்பட எல்லாம் திறந்த கடிதமாகப் போகும், நடுவில் யார் எட்டிப்பார்த்தாலும் படிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995-இல் எஸ்எஸ்ஹெச் நெறிமுறையை எழுதினார். இன்று எழுத்துமுறை இணைப்புகள் பெரும்பாலும் அதன் வழியேதான். டிஎன் 3270-உம் பூட்டிய உறைக்குள் போகிறது. முன்பு 23-ஆம் எண் வாசல், பூட்டிய உறைக்கு வழக்கமாக 992.

ஐ.ஆர்.சி.டி.சி. 2002-இல் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியதும், கம்பத்தில் இருப்பவர் கவுன்டரைத் தேடிப் போக வேண்டிய தேவை குறைந்தது. பின்னால் இருந்தது அதே இருக்கைக் கணக்கு, முன்னால் மட்டும் ஒரு புது வாசல். அந்த வாசலைக் கவனித்துப் பாருங்கள். ஒரு படிவம் வருகிறது. ஏறும் ஊர், இறங்கும் ஊர், தேதி, பெயர், வயது எல்லாவற்றையும் உங்கள் கைப்பேசியிலேயே நிரப்புகிறீர்கள். பொத்தானை அழுத்தினால்தான் மொத்தமும் கிளம்புகிறது. 1971-இன் 3270 வேறு உடுப்பில் வந்து நிற்கிறது. கம்பம்மெட்டு ஏறும் வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலும் டிக்கெட் எடுக்க முடிவது இதனால்தான்.

ஆனால் 3270-இல் இருந்த ஒன்றை இணையப் பக்கம் தொலைத்துவிட்டது. 'என்டர்' தட்டிய கணத்தில் 3270-இன் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். 3278 திரையின் அடிவரிசையில் பெருக்கல் குறியும் பக்கத்தில் ஒரு கடிகாரச் சின்னமும் தோன்றும். மெயின்ஃப்ரேம் பதில் சொல்லித் திறந்துவிடும்வரை எந்த விசையும் வேலை செய்யாது. அவசரத்தில் இரண்டாம் தடவை தட்டினாலும் இரண்டாவது கோரிக்கை கிளம்பாது. இணையப் பக்கத்துக்கு இயல்பாக அந்தப் பூட்டு இல்லை. காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் தட்கல் திறக்கும்போது, பணம் கழிந்து, பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால், கோரிக்கை வழியில் தொலைந்ததா, அல்லது இருக்கை பதிவாகிப் பதில்தான் வழியில் தொலைந்ததா என்று இந்தப் பக்கத்தில் இருப்பவரால் அறியவே முடியாது. மறுபடி அழுத்தினால் இரண்டு டிக்கெட் ஆகலாம். அழுத்தாவிட்டால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்படி நிரலர்கள் பின்னால் கட்டுகிறார்கள். முன்னால் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி, "பின்செல்லும் பொத்தானை அழுத்த வேண்டாம், பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்" என்று எழுதிவைக்கிறார்கள். 3278-இல் ஒரு பெருக்கல் குறி செய்த வேலையை இந்த இரண்டு வரி அறிவிப்பு செய்யப் பார்க்கிறது. பக்கம் அப்படி நின்றுவிட்டால் மறுபடி அழுத்துவதற்கு முன்னால், உங்கள் கணக்கில் பதிவான டிக்கெட்டுகளின் பட்டியலைத் திறந்து பி.என்.ஆர். எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் இருக்கும் பேரேடு என்ன சொல்கிறது என்பது அங்கேதான் தெரியும்.